தமிழ்நாட்டில் வாகனத் தணிக்கையும் நடத்தை முறைகளும்

வாகனத் தணிக்கை என்பது சாலையில் செல்லும் ஒரு வண்டியைச் சீருடையில் உள்ள காவலர் நிறுத்தி, ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு முதலிய ஆவணங்களைப் பார்வையிடுவதும், சாலை விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கண்டறிவதும் ஆகும். பேச்சு வழக்கில் இது 'வண்டி செக்கிங்' அல்லது 'போலீஸ் செக்கிங்' எனப்படுகிறது. ஒரு சாதாரண குடிமகனும் அரசின் அதிகாரமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களில் இதுவே மிகவும் பொதுவானது. காவல் நிலையத்தின் படியை வாழ்நாளில் மிதிக்காதவர்கூட சாலையோரத்தில் ஒரு முறையாவது நிறுத்தப்பட்டிருப்பார்.

வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நூறு ஆண்டுகளுக்கும் மேலான பழமை உடையது. ஆனால் எப்படி நிறுத்த வேண்டும், நின்றவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நெறிகள் பெரும்பாலும் பிற்காலத்தில், சில வருந்தத்தக்க நிகழ்வுகளுக்குப் பிறகே உருவாயின. அந்த வரலாற்றையும், அதிலிருந்து இரு தரப்பினரும் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

கிருஷ்ணன்கோவில் சாலை

விருதுநகர் மாவட்டத்தில் திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, மதுரை செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கிருஷ்ணன்கோவில். திருமங்கலத்தில் தொடங்கி டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளத்தின் கொல்லம் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 இவ்வூரைக் கடந்து செல்கிறது. முன்பு இச்சாலை 208 என்ற எண்ணால் அறியப்பட்டது. இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை வத்திராயிருப்புக்குச் செல்கிறது. சதுரகிரி மலைக்குச் செல்லும் பக்தர்களில் பலர் இப்பிரிவில் திரும்பியே தாணிப்பாறையை அடைகின்றனர். ஆடி அமாவாசை நாள்களிலும், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போதும் இச்சாலையில் வண்டிகள் பெருகும்.

1984ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கலசலிங்கம் கல்வி நிறுவனமும் இவ்வூரில் உள்ளது. ஆகவே ஒரே சாலையில் கேரளம் செல்லும் சரக்கு லாரி, தொலைதூரப் பேருந்து, காய்கறி ஏற்றிய சிறு வண்டி, பக்தர்களின் வேன், கல்லூரி மாணவரின் இருசக்கர வாகனம், வயலுக்குச் செல்லும் டிராக்டர் ஆகிய அனைத்தும் ஓடுகின்றன. வாகனத் தணிக்கையின் எல்லா வகைகளையும் ஒரே இடத்தில் காணக்கூடிய சாலைகளில் இது ஒன்று. தமிழ்நாட்டு வாகனத் தணிக்கையின் வரலாற்றை இச்சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது எளிது.

தொடக்கக் காலச் சட்டங்கள்

மோட்டார் வண்டிகள் வந்த புதிதில் ஒவ்வொரு மாகாணமும் தனக்கெனச் சட்டம் இயற்றிக்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1907ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிச் சட்டம் வந்தது. இவற்றுக்குப் பதிலாக இந்தியா முழுமைக்கும் பொதுவான மோட்டார் வாகனச் சட்டம் 1914இல் இயற்றப்பட்டது. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும், காவலர் கேட்டால் காட்ட வேண்டும், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்ற மூன்று கடமைகளும் அப்போதே எழுதப்பட்டுவிட்டன.

அச்சட்டத்தில் இன்று படிப்பவருக்கு வியப்பளிக்கும் ஒரு விதியும் உண்டு. மாடு, குதிரை போன்ற விலங்கை ஓட்டி வருபவர், தம் விலங்கு மோட்டாரைக் கண்டு மிரளும் என்று அஞ்சி நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விதி தொடர்ந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்ட திருவில்லிபுத்தூர் வட்டத்தின் சாலைகளில் அன்று பெரும்பாலும் ஓடியவை மாட்டு வண்டிகளே. சட்டத்தின்படி ஒரு வண்டிக்காரர் உயர்த்திய கைக்கும் மோட்டார் நிற்க வேண்டும்.

நிறுத்தும் விதியின் அடிப்படை நோக்கம் என்ன என்பதை இது காட்டுகிறது. வலிமையும் வேகமும் உடையது, அவை இல்லாத மற்றவரின் பாதுகாப்புக்காக நிற்க வேண்டும் என்பதே அந்நோக்கம். அதிகாரத்துக்குப் பணிதல் என்பது அதற்கு அடுத்த நிலையில்தான் வருகிறது.

மதுவிலக்கும் அரிசிக் கட்டுப்பாடும்

வண்டியை நிறுத்துவது என்பது, வண்டிக்குள் சோதனையிடுவது என்று விரிந்ததற்கு இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது மதுவிலக்கு. 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று இராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948இல் அது மாகாணம் முழுவதும் விரிவடைந்தது. மது கடத்துவதைத் தடுக்க வண்டிகளைச் சோதிக்கும் பொறுப்பு காவலரிடம் வந்தது.

இரண்டாவது உணவுப் பொருள் கட்டுப்பாடு. அரிசி கடத்தலைத் தடுக்க, கேரள எல்லையை நோக்கிச் செல்லும் சாலைகளில் சோதனைச் சாவடிகள் இயங்கின. கிருஷ்ணன்கோவில் வழியாகச் செல்லும் சாலையில், செங்கோட்டையை அடுத்த புளியரைச் சாவடி இன்றும் ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்த பெயராகும். 2017ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சாவடிகள் நீங்கின. காவல்துறையின் சாவடிகள் நீடிக்கின்றன.

இக்காலத்தில் தணிக்கையின் இயல்பு மாறியது. முன்பு நிறுத்தப்பட்டவர் சாலை விதியை மீறியிருக்கக்கூடியவர் மட்டுமே. இப்போது அவர் கடத்தல்காரராகவும் இருக்கக்கூடும் என்ற ஐயம் சேர்ந்துகொண்டது. இருட்டில் விளக்கடித்து ஒரு வண்டியை நிறுத்தும் காவலருக்கு உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாது. நிறுத்தப்படும் பயணிக்கோ தாம் ஏன் நிறுத்தப்பட்டோம் என்று தெரியாது. இந்த இருபக்க அறியாமைதான் பல தகராறுகளின் தொடக்கம்.

மிதிவண்டிக் காலம்

மோட்டார் வண்டிகள் அரிதாக இருந்த பத்தாண்டுகளில் சிற்றூர் மக்கள் தணிக்கையை மிதிவண்டியின் மூலமே அறிந்தனர். மாலையில் விளக்கில்லாமல் வருவதும், 'டபுள்ஸ்' எனப்படும் இருவர் பயணமும், உள்ளாட்சிக்கு வரி கட்டிப் பெற வேண்டிய உலோக வில்லை இல்லாமல் ஓட்டுவதும் பிடிபடக் காரணமாயின. டயரின் காற்றைப் பிடுங்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்வது அன்று பரவலாக இருந்த வழக்கம். மூத்த தலைமுறையினர் இதை இன்று சிரித்துக்கொண்டே நினைவுகூர்கின்றனர்.

ஆனால் காற்றைப் பிடுங்குவது எந்தச் சட்டத்திலும் கூறப்பட்ட தண்டனை அன்று. நீதிமன்றம் வழங்க வேண்டிய தண்டனையைக் காவலரே அந்த இடத்தில் வழங்கிவிடும் பழக்கம் இத்தகைய சிறிய செயல்களிலிருந்தே வேரூன்றியது. பின்னாளில் சாவியைப் பறிப்பது, தோப்புக்கரணம் போடச் சொல்வது, லத்தியால் தட்டுவது என அது வளர்ந்தது.

1988ஆம் ஆண்டுச் சட்டம்

இப்போது நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டு, 1989ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று செயலுக்கு வந்தது. தணிக்கை தொடர்பான அதன் முக்கியப் பிரிவுகள் வருமாறு:

பிரிவு 130: சீருடையில் உள்ள எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். 'சீருடையில் உள்ள' என்பது இங்கே முக்கியமான சொல்.

பிரிவு 179: சட்டப்படி அதிகாரம் பெற்றவரின் உத்தரவை மீறுவதும், அவர் பணியைத் தடுப்பதும், தவறான தகவல் தருவதும் குற்றம்.

பிரிவு 185, 203: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். நியாயமான ஐயம் இருந்தால் மூச்சுப் பரிசோதனைக்கு உட்படச் சொல்லலாம்.

பிரிவு 200: குறிப்பிட்ட குற்றங்களுக்கு நீதிமன்றம் செல்லாமல் அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாம். 'ஸ்பாட் ஃபைன்' என்பது இதுவே. குற்றத்தை ஏற்காதவர் நீதிமன்றத்தில் வழக்கைச் சந்திக்கலாம்.

பிரிவு 206: உரிமத்தைக் கைப்பற்றும் அலுவலர் அதற்குத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை அச்சீட்டைக் கொண்டு வண்டி ஓட்டலாம்.

பிரிவு 207: பதிவு இல்லாமை, உரிமம் இல்லாமை, அனுமதிச் சீட்டு இல்லாமை போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக வண்டியையே பிடித்து வைக்கலாம்.

இப்பிரிவுகளை ஒருசேரப் படித்தால் ஒன்று விளங்கும். சட்டம் காவலருக்குக் கேட்கவும், சோதிக்கவும், அபராதம் விதிக்கவும், காரணம் இருந்தால் கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது. அடிக்கவோ, இழிவாகப் பேசவோ, ஓடும் வண்டியைத் தள்ளிவிடவோ எங்கும் அதிகாரம் தரவில்லை. சாதாரணத் தணிக்கையில் சாவியை உருவுவதற்கென்று தனி விதியும் இல்லை.

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அபராதங்களைப் பெருமளவு உயர்த்தியது. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், தலைக்கவசம் அணியாவிட்டால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை என்று ஆயின. தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இதே திருத்தத்தில் 210பி என்ற பிரிவும் சேர்க்கப்பட்டது. இச்சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரம் பெற்றவரே அதை மீறினால் இரு மடங்கு தண்டம் என்று அது கூறுகிறது. தலைக்கவசம் அணியாமல் செல்லும் காவலர் சாதாரண குடிமகனைவிட இரு மடங்கு கட்ட வேண்டும் என்பது இதன் பொருள்.

தலைக்கவசமும் துரத்தலும்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் வழங்கிய உத்தரவைத் தொடர்ந்து, ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் இருசக்கர வாகன ஓட்டிகளுக்குத் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. உயிரைக் காக்கும் நோக்கம் கொண்ட உத்தரவு அது. அதன் பின் இருசக்கர வாகனத் தணிக்கை ஊர்தோறும் பெருகியது. நிறுத்தாமல் தப்பிச் செல்ல முயல்வதும், அவர்களைக் காவலர் துரத்துவதும் கூடவே பெருகின.

2018ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று மாலை திருச்சியை அடுத்த துவாக்குடிப் பகுதியில் தலைக்கவசம் தொடர்பான தணிக்கையின்போது ஒரு தம்பதியின் இருசக்கர வாகனம் நிறுத்தப்பட்டது. நிற்காமல் சென்ற அவர்களை ஒரு காவல் ஆய்வாளர் துரத்திச் சென்று வண்டியை உதைத்ததாகவும், அதனால் கீழே விழுந்த மனைவி உயிரிழந்ததாகவும் புகார் எழுந்தது. மறுநாள் உலக மகளிர் நாள். ஆயிரக்கணக்கான மக்கள் திருச்சி-தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தனர். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார்.

2021ஆம் ஆண்டு ஜூன் 22 அன்று, கொரோனா ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோது, சேலம் மாவட்டத்தின் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவரைச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் லத்தியால் தாக்கும் காட்சி கைப்பேசியில் பதிவாகிப் பரவியது. தாக்கப்பட்டவர் மறுநாள் இறந்தார். அந்த அலுவலரும் கைது செய்யப்பட்டார்.

இரு நிகழ்வுகளிலும் முதலில் எழுந்த கேள்வி சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கக்கூடியது. தலைக்கவசம் அணியச் சொல்வது உயிரைக் காக்க. அதைச் செயல்படுத்தும் முறையே உயிரைப் பறிக்குமானால் விதியின் நோக்கமே தலைகீழாகிவிடுகிறது. பதிவு எண் கண்ணுக்குத் தெரியும்போது துரத்த வேண்டிய தேவை என்ன என்ற கேள்வியை இந்நிகழ்வுகள் எழுப்பின.

காவலர் எதிர்கொள்ளும் ஆபத்து

மறுபக்கத்தையும் கூறாமல் இவ்வரலாறு முழுமையடையாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று இரவு கன்னியாகுமரி மாவட்டம் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021ஆம் ஆண்டு நவம்பர் 21 அதிகாலையில், திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையத்தைச் சேர்ந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர், ஆடு திருடிக்கொண்டு இருசக்கர வாகனத்தில் சென்றவர்களை நிறுத்த முயன்றார். நிற்காமல் சென்றவர்களைத் துரத்திப் புதுக்கோட்டை மாவட்டத்தின் பள்ளத்துப்பட்டிவரை சென்ற அவர் அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார்.

சாலையோரத்தில் தனியாகவோ இருவராகவோ நின்று வண்டிகளை நிறுத்தும் காவலருக்கு எந்த வண்டியில் ஆபத்து வருகிறது என்று தெரியாது. வேகமாக வரும் வண்டியே அவர்மேல் மோதிவிடவும் கூடும். வெயிலிலும் புகையிலும் பல மணி நேரம் நிற்கும் உடற்சோர்வும் உண்டு. இருட்டில் கையைச் சட்டைப்பைக்குள் வேகமாக விடும் ஓட்டுநர் எடுப்பது உரிமமா ஆயுதமா என்ற ஐயம் அவருக்கு எழுவது இயல்பே. ஓட்டுநர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரைகளில் பல இந்த அச்சத்தைத் தணிப்பதற்காகவே சொல்லப்படுகின்றன.

கேரளத்தின் இரு உத்தரவுகள்

கிருஷ்ணன்கோவில் சாலை சென்று முடியும் கேரள மாநிலத்தில், உயர் நீதிமன்றம் அளித்த இரு உத்தரவுகள் நடத்தை நெறிகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கவை.

2019 நவம்பரில், தலைக்கவசம் அணியாதவர்களைத் துரத்திப் பிடிக்கக் கூடாது, சாலையின் நடுவே திடீரெனப் பாய்ந்து நிறுத்தக் கூடாது என்றும், கேமரா போன்ற கருவிகளைக் கொண்டு வண்டியை அடையாளம் காண வேண்டும் என்றும் அந்நீதிமன்றம் கூறியது. 2021 செப்டம்பரில், பொதுமக்களை 'எடா', 'எடி', 'நீ' என்று அழைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. அதைத் தொடர்ந்து மாநிலக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார்.

இரண்டாவது உத்தரவு தமிழ் பேசுவோருக்கு எளிதில் விளங்கும். 'நீ', 'வா', 'போ' என்று ஒருமையில் பேசுவதும், 'டேய்' என்று அழைப்பதும் நம் மொழியில் வெறும் இலக்கண வேறுபாடு அன்று. தந்தையின் வயதில் உள்ள ஒருவரை மகனின் எதிரில் ஒருமையில் விளிக்கும்போது, அபராதத்தைவிட ஆழமாகப் பதிவது அந்தச் சொல்லே. மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தவரையும் அது வாதத்துக்கு இழுத்துவிடும். 'வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் ஐயா, லைசென்ஸைக் காட்டுங்கள்' என்பதற்கும், 'டேய், ஓரங்கட்டு' என்பதற்கும் சட்டப் பயன் ஒன்றே, விளைவு வேறு. அதேபோல், 'நான் யார் தெரியுமா?' என்று தொடங்கி, இளம் காவலரை ஒருமையில் பேசும் வசதி படைத்தவர்களும் உண்டு. மரியாதை இருவழிச் சாலை.

ஆவணங்களும் தொழில்நுட்பமும்

2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அசல் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற உத்தரவு பெரும் விவாதத்தை எழுப்பியது. அடுத்த ஆண்டே நிலைமை மாறத் தொடங்கியது. 2018இல் டிஜிலாக்கர், எம்-பரிவாகன் ஆகிய செயலிகளில் உள்ள ஆவணங்களை ஏற்குமாறு மத்திய அரசு அறிவுறுத்தியது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதி திருத்தப்பட்டு, ஆவணங்களை மின்னணு வடிவில் காட்டலாம் என்றானது.

2020ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. மின்னணு முறையில் சரிபார்க்கப்பட்ட ஆவணங்களைக் காகித வடிவில் கேட்கக் கூடாது. தணிக்கை செய்த நாளும் நேரமும், தணிக்கை செய்த அலுவலரின் அடையாளமும் இணையத்தில் பதிவாக வேண்டும். ஒரே வண்டியைத் தேவையின்றி மீண்டும் மீண்டும் நிறுத்துவதைத் தவிர்ப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, வேகக் கேமரா, காவலர் உடலில் அணியும் கேமரா போன்றவற்றை முறைப்படுத்தியது. கேமராவில் பதிவான குற்றத்துக்கு 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் அது கூறுகிறது.

பதிவு எண்ணைக் கொண்டே அபராதச் சீட்டை அனுப்ப முடியும் என்ற நிலை வந்தபின், தப்பி ஓடுவதும் துரத்துவதும் பொருளற்றவையாகிவிட்டன. ஆயினும் கிராமச் சாலைகளில் கேமராக்கள் குறைவு. அங்கே மனிதர் மனிதரை நிறுத்தும் தணிக்கையே இன்னும் தொடர்கிறது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டம் வேக எல்லையை மணிக்கு 20 மைல் என்று வரையறுத்தது. காவலர்கள் மறைந்திருந்து வேகத்தை அளந்தனர். 1905இல் தொடங்கப்பட்ட வாகன ஓட்டிகள் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்களுக்கு இதைப் பற்றி எச்சரிக்கை செய்தது. சங்கத்தின் சாரணர் உறுப்பினரின் காரைக் கண்டு வணக்கம் வைப்பது வழக்கம். வணக்கம் வைக்காவிட்டால் முன்னே காவலர் இருக்கிறார் என்று பொருள். நம் சாலைகளில் எதிரே வரும் லாரி முகப்பு விளக்கை இருமுறை அடித்துக் காட்டுவதும் இதே கலைதான்.

அமெரிக்காவில், குறிப்பிட்ட ஐயம் எதுவும் இல்லாமல் உரிமத்தைப் பார்ப்பதற்காக மட்டும் ஏதோ ஒரு காரைத் தேர்ந்து நிறுத்துவது அரசமைப்புக்கு எதிரானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. குடித்துவிட்டு ஓட்டுவதைக் கண்டறிய எல்லா வண்டிகளையும் ஒரே முறையில் நிறுத்தும் சாவடிகளை அதே நீதிமன்றம் 1990இல் ஏற்றது. இந்தியச் சட்டத்தில் உரிமத்தைக் கேட்க முன் ஐயம் தேவையில்லை. ஆகவே இங்கே காவலரின் நிதானத்துக்கும் நடுநிலைமைக்கும் பொறுப்பு கூடுகிறது.

காவலர் கடைப்பிடிக்க வேண்டியவை

மேற்கண்ட சட்டங்களிலிருந்தும் நிகழ்வுகளிலிருந்தும் பெறப்படும் நெறிகள் இவை.

1. தணிக்கை நடக்கும் இடம் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும். வளைவு, பாலத்தின் இறக்கம், மரத்தின் மறைவு ஆகியவை ஏற்றவை அல்ல. இரவில் ஒளிரும் மேலாடையும் இரும்புத் தடுப்புகளில் ஒளிர் பட்டைகளும் தேவை.

2. சீருடையும் பெயர்ப் பட்டையும் தெளிவாகத் தெரிய வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைது செய்யும் காவலருக்குப் பெயர்ப் பட்டையைக் கட்டாயமாக்கியது. அதன் அடிப்படை நியாயம் தணிக்கைக்கும் பொருந்தும்.

3. நிறுத்திய காரணத்தை முதலில் கூற வேண்டும். ஒரு வரியில் கூறினால் போதும். பாதித் தகராறு அங்கேயே நின்றுவிடும்.

4. பன்மையில் பேச வேண்டும்.

5. நிற்காமல் செல்லும் வண்டியைப் பிடிக்கவோ, உதைக்கவோ, லத்தியை வீசவோ கூடாது. எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த சாவடிக்குத் தெரிவிக்கலாம்.

6. வாங்கும் தொகைக்கு ரசீது தர வேண்டும். கைப்பற்றும் ஆவணத்துக்கு ஒப்புகை தர வேண்டும்.

7. பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டிய தேவை ஏற்பட்டால் பெண் காவலரே செய்ய வேண்டும்.

8. நோயாளி, கர்ப்பிணி, தேர்வுக்குச் செல்லும் மாணவர் போன்றோரின் அவசரத்தை அறிந்து விரைவாக முடித்து அனுப்ப வேண்டும்.

ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கை காட்டியதும் வேகத்தைக் குறைத்து, இடப்பக்க விளக்கைப் போட்டு, சாலையை விட்டு விலகி நிறுத்த வேண்டும். தணிக்கையைக் கண்டதும் சட்டெனத் திரும்பி எதிர்த்திசையில் ஓட்டுவது பின்னால் வரும் லாரிக்கு முன்னே பாய்வதற்குச் சமம். உரிமம் இல்லாத குற்றத்துக்கு அபராதம்தான். உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

2. எஞ்சினை அணைக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில் வருபவர் தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். இரவில் காரின் உள்விளக்கைப் போட்டுவிட்டுக் கைகளைத் தெரியும்படி வைத்துக்கொள்வது நல்லது.

3. பைக்குள் கை விடும் முன், 'லைசென்ஸ் பையில் இருக்கிறது, எடுக்கிறேன்' என்று சொல்லலாம்.

4. ஆவணம் இல்லையென்றால் இல்லை என்று கூற வேண்டும். தெரிந்தவரின் பெயரைச் சொல்வதும், யாருக்கோ கைப்பேசியில் அழைத்துப் பேசச் சொல்வதும் தவறு.

5. பணம் கொடுத்து முடித்துக்கொள்ள முயலக் கூடாது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் இலஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் உரிய அலுவலரிடம் தெரிவித்தால் மட்டுமே விலக்கு உண்டு.

6. தவறு இல்லை என்று கருதினால் சாலையில் வாதிடாமல், சீட்டைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்தில் வாதிடலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரிலேயே உள்ளது.

முறையீடு

நடத்தை எல்லை மீறினால், அந்த இடத்தில் சண்டையிடுவதைவிட நாள், நேரம், இடம், பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது பயனளிக்கும். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். 1997 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு மாநில மனித உரிமைகள் ஆணையத்தை அணுகலாம். இலஞ்சம் தொடர்பானால் 1964இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் உள்ளது. தென் மாவட்டங்களுக்கு 2004 ஜூலை முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருகிலேயே செயல்படுகிறது.

முடிவுரை

1914இல் சட்டம் கேட்டது சிறிய செயல்: கை உயர்ந்தால் வண்டி நிற்க வேண்டும். மாட்டுக்காரரின் கைக்கும் காவலரின் கைக்கும் அது பொருந்தியது. இருவரும் கேட்டது பாதுகாப்பை. துவாக்குடியிலும் பாப்பநாயக்கன்பட்டியிலும் களியக்காவிளையிலும் பள்ளத்துப்பட்டியிலும் இறந்தவர்கள் அந்தச் சிறிய செயல் சிதைந்துபோனபோது என்ன நேரும் என்பதற்குச் சான்றுகள்.

கிருஷ்ணன்கோவில் விலக்கில் ஒரு மாலைப்பொழுதில் நடக்கும் தணிக்கை சராசரியாக இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடக்கூடியது. கல்லூரி முடிந்து வீடு திரும்பும் மாணவர் வீடு சேர வேண்டும். தணிக்கை செய்யும் ஏட்டும் பணி முடித்து வீடு சேர வேண்டும். அந்த இரண்டு நிமிடங்களில் இருவரும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தில் அடங்கும்.